ப்ளூ ஜேஸ் 2026: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் ஒரு ரசிகனின் பதில்களும்

எங்கள் டொராண்டோவின் பேஸ்போல் அணி ப்ளூ ஜேஸ், லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஆடிய 2025 அக்டோபரில், ஸ்காபரோவில் நீலச் சட்டை போடாத ஆளைக் காண்பதே அரிதாக இருந்தது. மரக்கறிக் கடை வரிசையில் நிற்கிற சனம்கூட அணியின் நட்சத்திர பேட்டர் கரேரோவைப் பற்றித்தான் கதைத்தது. அந்த மாதத்தில் ரசிகர்களான என் உறவினரும் நண்பர்களும் குளிர்காலம் முழுக்கக் கேள்வி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். புதிய பருவம் மார்ச் 27 அன்று அத்லெட்டிக்ஸ் அணிக்கு எதிராக நம் ஊரிலேயே தொடங்குகிறது. அதற்குள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் அக்டோபரில்தான் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன் இந்த அணி எப்படி?

ப்ளூ ஜேஸ் 1977-இல் தொடங்கிய அணி. முதல் ஆட்டம் ஏப்ரல் 7 அன்று பழைய எக்ஸிபிஷன் மைதானத்தில், பனி மூடிய தரையில் நடந்தது. டக் ஓல்ட் என்பவர் இரண்டு ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்து சிகாகோவை வீழ்த்த உதவினார். அந்தக் கணக்கில் இது ஐம்பதாவது பருவம். 1992, 1993 என்று அடுத்தடுத்து இரண்டு வேர்ல்ட் சீரிஸ் வென்றோம். இரண்டாவதை ஜோ கார்ட்டரின் ஹோம் ரன் முடித்துவைத்தது. அதற்குப் பிறகு 32 வருடம் இறுதித் தொடரின் பக்கமே போகவில்லை.

மொன்ட்ரியால் எக்ஸ்போஸ் 2004 பருவத்தோடு வாஷிங்டனுக்குப் போனதிலிருந்து கனடா முழுவதற்கும் இது ஒன்றுதான் அணி. 2024-இல் 74 வெற்றி, 88 தோல்வி, டிவிஷனில் (நம் ஐந்து அணிப் பிரிவில்) கடைசி இடம். அடுத்த வருடமே 94 வெற்றி, முதலிடம். நீங்கள் உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். அதிர்ஷ்டசாலி ஐயா நீங்கள்.

அண்ணா, அந்த ஏழாவது ஆட்டத்தை எப்படித் தோற்றோம்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்கு விளங்குகிறது, ஜீரணிக்கத்தான் முடியவில்லை. 2025 நவம்பர் 1, லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸின் கடைசி ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸில் அவர்களுடைய ஓட்டானியின் பந்தில் நம் போ பிஷெட் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தபோது 4-3 என்று முன்னிலை. இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் சம்பியன். அப்போது டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ், யாரும் பெரிதாகப் பயப்படாத ஆள், நம் ஜெஃப் ஹாஃப்மனின் பந்தை இடது பக்க வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டார்.

அதே இன்னிங்ஸின் அடுத்த பாதியில் நமக்கு மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட். டால்டன் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை அதே ரோஹாஸ் பிடித்து ஹோமுக்கு எறிய, ஐசையா கைனர்-ஃபலெஃபா கால் நுனி அளவு வித்தியாசத்தில் அவுட். அடுத்து எர்னி கிளெமென்ட் தூக்கி அடித்ததை ஆண்டி பாஹெஸ் தன் சக வீரர் மீதே மோதிப் பிடித்தார். பதினொன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்தின் ஹோம் ரன். நம் பக்கம் கரேரோ டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்து ஆரம்பித்தும், அலெஹாந்த்ரோ கர்க் அடித்தது டபுள் ப்ளேயாக (ஒரே அடியில் இரண்டு அவுட்) போய் 5-4 என்று முடிந்தது.

ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து நாம் எடுத்த ஓட்டங்கள் 34, அவர்கள் எடுத்தவை 26. கிண்ணம் அவர்களிடம். கைனர்-ஃபலெஃபா மூன்றாவது பேஸிலிருந்து ஏன் இன்னும் இரண்டடி தள்ளி நிற்கவில்லை என்று கேட்காதீர்கள். அதற்கு முந்தைய நாள் ஆறாவது ஆட்டத்தில் அடிசன் பார்ஜர் இரண்டாவது பேஸைவிட்டுத் தூரம் போய் டபுள் ப்ளேயில் மாட்டியபோது, ஏன் அவ்வளவு தள்ளி நின்றார் என்று திட்டியவர்களும் நாம்தான்.

அவ்வளவு கிட்டப் போனோம் என்றால் இந்த வருடம் நிச்சயம்தானே?

இல்லை. ‘இந்த முறை முடித்துவிட்டு வருவோம்’ என்ற பேச்சு விளம்பரப் பலகைக்கு நல்லது. பருவத்தைக் கணிக்க உதவாது.

இறுதித் தொடரில் தோற்ற அணிகள் அடுத்த வருடம் என்ன செய்தன என்று பாருங்கள். 2020-இல் தோற்ற டம்பா பே அடுத்த வருடம் 100 ஆட்டம் வென்றது, பிளே ஆஃப் (பருவம் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) வந்ததும் பொஸ்டனிடம் வெளியேறியது. 2021-இல் தோற்ற ஹூஸ்டன் அடுத்த வருடம் சம்பியன். 2022-இல் தோற்ற ஃபிலடெல்ஃபியா அடுத்த வருடம் இறுதித் தொடருக்கு ஒரு படி முன்னால் நின்றது. 2023-இல் தோற்ற அரிசோனா 89 ஆட்டம் வென்றும் பிளே ஆஃபுக்கே வரவில்லை. 2024-இல் தோற்ற யாங்கீஸை அடுத்த வருடம் அனுப்பிவைத்தது நாமே. ஐந்தில் ஒன்றுதான் வென்றிருக்கிறது.

இன்னொரு கணக்கு இதைவிட எனக்கு உறுத்துகிறது. பருவம் முழுவதும் எடுத்த ஓட்டங்களிலிருந்து கொடுத்தவற்றைக் கழித்தால் ஒரு அணியின் உண்மையான பலம் ஓரளவு தெரியும். 2025-இல் நாம் எடுத்தது 798, கொடுத்தது 721. மிச்சம் 77. அந்த மிச்சத்துக்கு வழக்கமாக 89 வெற்றி கிடைக்கும். நமக்குக் கிடைத்தது 94. அதே 94 வென்ற யாங்கீஸின் மிச்சம் 164. மூன்றாவதாக வந்த பொஸ்டனுக்குக்கூட 110. யாங்கீஸும் நாமும் சமமாக முடித்தும், அவர்களோடு ஆடிய 13 ஆட்டங்களில் 8 வென்றதால்தான் டிவிஷன் நமக்கு வந்தது.

எனவே போன வருட அணி அப்படியே திரும்பி வந்திருந்தால் நான் 86, 87 என்றுதான் சொல்லியிருப்பேன். நல்ல வேளையாக அப்படியே வரவில்லை.

போ பிஷெட்டை ஏன் விட்டார்கள்? மனசு கேட்கவில்லை.

எனக்கும்தான். பத்தொன்பது வயதிலிருந்து கரேரோவோடு கீழ்நிலை அணிகளில் சேர்ந்து வளர்ந்த ஆள். போன வருடம் அடி சராசரி .311 (ஆயிரம் வாய்ப்புக்கு 311 அடி என்ற கணக்கு). செப்டம்பரில் முழங்காலில் அடிபட்டு, வேர்ல்ட் சீரிஸுக்கு நொண்டிக்கொண்டே வந்து இரண்டாவது பேஸில் நின்றார். நியூயார்க் மெட்ஸ் மூன்று வருடத்துக்கு 126 மில்லியன் டொலர் கொடுத்தது, போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஷார்ட் ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) இடத்தில் அவருடைய கால் வேகம் குறைந்துகொண்டே வந்தது. மெட்ஸே அவரை மூன்றாவது பேஸுக்குத்தான் எடுத்திருக்கிறது. இங்கே அந்த இடத்துக்கு ஆந்த்ரேஸ் ஹிமெனெஸ் வருகிறார். இரண்டாவது பேஸில் மூன்று தடவை கோல்ட் க்ளோவ் (சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது) வாங்கியவர். இரண்டாவது பேஸுக்கு கிளெமென்ட். பந்து பிடிப்பதில் லீக்கின் மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்றாக இது இருக்கும்.

அடிப்பதில்தான் பள்ளம். ஹிமெனெஸ் போன வருடம் .210 சொச்சம். பிஷெட் போல, இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது வலது பக்கம் தட்டிவிட்டு ஓட்டம் கொண்டுவரும் ஆள் இந்த வரிசையில் வேறு யார்? ஜூன் மாதம் 3-2 என்று தோற்கும் ஏதோ ஓர் இரவில் இந்தக் கேள்வி உங்கள் எல்லோருக்கும் வரும்.

ஜப்பானிலிருந்து ஒருவர் வருகிறாராமே?

கஸுமா ஒகமோட்டோ. யொமியூரி ஜயண்ட்ஸ் அணியின் நடு வரிசைத் தூண். ஜப்பான் லீக்கில் 248 ஹோம் ரன் அடித்தவர். நான்கு வருடம், 60 மில்லியன். பெரும்பாலும் மூன்றாவது பேஸில் நிற்பார்.

ஜப்பானிலிருந்து வரும் பேட்டர்களுக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருப்பது வழக்கம். அங்கே பார்த்ததைவிட இங்கே பந்து வேகமாக வரும், பயணமும் அதிகம். அவர் எனக்குப் பிடித்துப்போன காரணம் ஹோம் ரன் இல்லை, வீணாக ஸ்ட்ரைக் அவுட் (பந்தை விளையாட்டுக்குள் விடாமலே மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுவது) ஆகாதவர் என்பதுதான். 2025-இல் ப்ளூ ஜேஸ் மேலே வந்ததே அதனால்தான். பேட்டிங் பயிற்சியாளர் டேவிட் பொப்கின்ஸ் வந்த பிறகு, எல்லாப் பந்தையும் வானத்துக்கு அடிக்காமல், பந்தை மட்டையில் வாங்கி விளையாட்டுக்குள் விட்டார்கள். லீக்கிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி நாம்தான். இந்தக் குணம் ஒரு அதிர்ஷ்ட வருடத்தோடு மறைந்துபோகிற சாமான் இல்லை. என் நம்பிக்கையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

டிலன் சீஸுக்கு 210 மில்லியனா? யார் பணம் அது!

அணியின் உரிமையாளரான ரோஜர்ஸ் தொலைபேசி நிறுவனத்தின் பணம். நாம் மாதாமாதம் கட்டுகிற தொலைபேசிக் கட்டணம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

சீஸ் ஒரு பிட்ச்சர், பந்து வீசுபவர்; ஏழு வருட ஒப்பந்தம். வெளியிலிருந்து எடுத்த வீரருக்கு இந்த அணி கொடுத்த மிகப் பெரிய தொகை. 2021 முதல் ஐந்து பருவமும் தொடர்ந்து 200-க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். தவணை தவறாமல் பந்து வீசுவார், காயம் என்று படுப்பது மிகக் குறைவு. குறை என்னவென்றால் வோக் (நான்கு பந்து தவறாக வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு விடுவது) அதிகம் கொடுப்பார். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே நூறு பந்து ஆகிவிடும், நீங்கள் பொறுமையிழந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். போன வருடம் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.55 ஓட்டம் கொடுத்தார். அவ்வளவு மோசமான பிட்ச்சர் அவர் இல்லை. முதுகுக்குப் பின்னால் வார்ஷோவும் ஹிமெனெஸும் நிற்கிறபோது அந்த எண் நன்றாகவே இறங்கும் என்று நினைக்கிறேன்.

இவரோடு கெவின் காஸ்மன், ஷேன் பீபர், ட்ரே யெசவேஜ், ஹோசே பெரியோஸ் ஆகியோரையும், கொரிய லீக்கில் 2025-இன் சிறந்த வீரர் விருது வாங்கி வந்த கோடி பொன்ஸையும் சேர்த்துப் பாருங்கள். எல்லோரும் எல்லா வாரமும் நலமாக இருக்கப் போவதில்லை. பீபரின் முழங்கையில் 2024-இல்தான் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆனால் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் தயாராக இருக்கிறார். பிட்ச்சர்களுக்கு இப்படி ஆள்பலத்தோடு ஒரு ப்ளூ ஜேஸ் அணி வந்து நீண்ட காலம். என் நம்பிக்கையின் மற்றப் பாதி இது.

மாமா, யெசவேஜ் இந்த வருடமும் அப்படித்தான் வீசுவானா?

மருமகனுக்கு இந்தப் பொடியன் மீது தனிப் பாசம், எனக்கும் உண்டு. 2025 ஏப்ரலில் டனீடினில் மிகக் கீழ்நிலை அணியில் ஆரம்பித்தான். வான்கூவர், நியூ ஹாம்ஷயர், பஃபலோ என்று ஒவ்வொரு படியாக ஏறி, செப்டம்பர் 15 அன்று ப்ளூ ஜேஸுக்கு முதல் ஆட்டம் ஆடினான். அக்டோபர் கடைசியில் வேர்ல்ட் சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸைப் பன்னிரண்டு தடவை ஸ்ட்ரைக் அவுட் செய்தான், ஒரு வோக்கும் இல்லை. வேர்ல்ட் சீரிஸில் எந்தப் புதுமுகமும் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. வயது 22.

கை மிக உயரத்திலிருந்து வருவதால் பந்து கூரையிலிருந்து விழுவதுபோல் இருக்கும். கடைசி நொடியில் கீழே இறங்கும் ஸ்ப்ளிட்டரைப் பார்த்துப் பழகாத பேட்டர் காற்றைத்தான் அடிப்பான். இந்த வருடம் எல்லா அணிகளும் அவனுடைய வீடியோவைக் குளிர்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கும். அதோடு, முந்தைய வருடம் பழகாத அளவு இன்னிங்ஸ் வீசியிருக்கிறான். அணி அவனை மெதுவாகத்தான் ஆரம்பிக்கவிடும், விடவும் வேண்டும். ஏப்ரலில் அவன் பெயர் காணவில்லை என்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். செப்டம்பரில் கை நன்றாக இருப்பதுதான் முக்கியம்.

கடைசி இன்னிங்ஸை மறுபடியும் ஹாஃப்மனிடமா கொடுக்கப் போகிறார்கள்?

அப்படித்தான் தெரிகிறது. ரோஹாஸ் அடித்த ஒன்றை மட்டும் வைத்து அவரைத் தூக்கி எறிவது நியாயமில்லை, போன பருவத்தில் 33 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தவர். ஆனால் ஹோம் ரன் கொடுக்கும் பழக்கம் உண்மையிலேயே உண்டு, அது ஒரு நாள் விபத்து அல்ல. புதிதாக வந்திருக்கும் டைலர் ரோஜர்ஸ் பந்தைக் கிட்டத்தட்ட நிலத்தை உரசியபடி கீழிருந்து எறிபவர். வேகம் மணிக்கு 83, 84 மைல்தான். மற்றவர்கள் 98 வீசுகிற காலத்தில் அதை அடிக்கப் பேட்டர்கள் தடுமாறுவதைப் பார்க்கவே டிக்கெட் எடுக்கலாம். ஒன்பதாவது இன்னிங்ஸ்தான் இந்த அணியில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற இடம். ஜூலையில் ஓர் ஆளை வாங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

கரேரோவுக்கு 500 மில்லியன் என்பது அதிகமில்லையா?

14 வருட ஒப்பந்தம், இந்தப் பருவத்திலிருந்துதான் நடைமுறைக்கு வருகிறது. மொன்ட்ரியாலில் பிறந்தவர், அப்பா எக்ஸ்போஸ் நட்சத்திரம். போன பருவத்தில் 23 ஹோம் ரன்தான் என்று பலர் முணுமுணுத்தார்கள். அப்புறம் பிளே ஆஃபில் எட்டு அடித்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. கடைசி ஐந்து வருடம் இந்த ஒப்பந்தம் பாரமாகத்தான் இருக்கும். இப்போது அவருக்கு 27 வயது. பாரத்தை அப்போது பார்த்துக்கொள்வோம்.

ஸ்பிரிங்கர்?

36 வயதில் போன வருடம் போல் .309, 32 ஹோம் ரன் திரும்ப வராது. சியாட்டிலுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அடித்த அந்த மூன்று ஓட்ட ஹோம் ரனுக்காக இந்த ஊரில் அவர் காலத்துக்கும் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தின் கடைசி வருடம். 20 அடித்தால் எனக்குப் போதும்.

நம் டிவிஷனில் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

யாங்கீஸ், வேறு யார். ஆரன் ஜட்ஜ் இருக்கிறார், கோடி பெலிஞ்சரைத் திரும்ப எடுத்துவிட்டார்கள், முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து கெரிட் கோல் பருவத்தின் நடுவில் வருவார். பொஸ்டன் ரேஞ்சர் சுவாரெஸையும் சொனி கிரேயையும் எடுத்துப் பந்துவீச்சைப் பலப்படுத்தியிருக்கிறது. பால்டிமோர் பீட் அலோன்ஸோவை வாங்கிவிட்டது. போன வருடம் 75 வெற்றியோடு படுத்த அணி எழுந்துவிடும். டம்பா பே, 2024 புயலில் கூரை பிய்ந்த தன் பழைய மைதானத்துக்குத் திரும்புகிறது. அவர்களை எப்போது மறந்தாலும் அப்போது வந்து கடிப்பார்கள்.

ஐந்து அணிகளில் எளிதாகத் தோற்கக்கூடிய அணி ஒன்றுகூட இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே 94-ஐ மறந்துவிடச் சொல்கிறேன்.

தொப்பியைத் தட்டினால் நடுவர் தீர்ப்பு மாறுமாமே?

ஆமாம், இந்த வருடம் முதல். ஸ்ட்ரைக்கா பாலா என்பதில் சந்தேகம் வந்தால் பேட்டரோ பிட்ச்சரோ கேட்ச்சரோ உடனே தலையைத் தட்டி முறையிடலாம், கேமராக்கள் முடிவு சொல்லும். ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு. முறையீடு சரியென்றால் அது கைவிட்டுப் போகாது. மேலாளர் ஜான் ஷ்னைடர் உள்ளே இருந்து கத்திப் பயனில்லை. கர்க் போன்ற கூர்மையான கேட்ச்சர் இருக்கும் அணிக்கு இது இலாபம். ஆனால் எல்லைப் பந்தை அலுங்காமல் பிடித்து நடுவரை ஏமாற்றும் கலையும் அவரிடம் உண்டு, அதன் மதிப்பு கொஞ்சம் குறையும்.

ஏப்ரலில் டொட்ஜர்ஸ் இங்கே வருகிறார்களே, போகலாமா?

போங்கள். பழிவாங்கல் என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்றையும் வென்றாலும் நவம்பர் 1 திரும்ப வராது. டிக்கெட் விலை எரிச்சலைக் கிளப்பும். அந்தக் காசுக்கு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் குடும்பத்தோடு இரண்டு ஆட்டம் பார்க்கலாம்.

ஆரம்பத்திலேயே தோற்கத் தொடங்கினால் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். 162 ஆட்டம். போன வருடமும் மே மாதக் கடைசியில் பாதிக்குப் பாதிதான் வென்றிருந்தோம், நானே அணியைக் கைகழுவும் மனநிலையில் இருந்தேன். ஜூன் 30-இலிருந்து ஜூலை 3 வரை யாங்கீஸை இங்கே நான்கு ஆட்டத்திலும் அடித்தார்கள், முதலிடம் வந்தது. கனடா தினத்தன்று ஸ்பிரிங்கர் மட்டும் ஏழு ஓட்டம் கொண்டுவந்தார். ஜூன் முடியும்வரை புள்ளிப்பட்டியலைத் திறக்காதவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைவாக இருக்கும்.

அடுத்த வருடம் விளையாட்டே நடக்காது என்கிறார்களே?

வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. பேச்சு முறிந்தால் கதவை மூடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். 1994-இல் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி வேர்ல்ட் சீரிஸே இரத்தானது. அப்போது 74-40 என்று முன்னணியில் இருந்த எக்ஸ்போஸுக்கு அதுபோல் ஒரு வருடம் பிறகு வரவேயில்லை. காஸ்மன், ஸ்பிரிங்கர், வார்ஷோ மூவருக்கும் இது ஒப்பந்தத்தின் கடைசி வருடம் என்பதையும் சேர்த்தால், நிர்வாகம் ஏன் இவ்வளவு செலவு செய்கிறது என்று புரியும்.

சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்கள்.

90 வெற்றி. டிவிஷன் யாங்கீஸுக்கு, நமக்கு வைல்ட் கார்ட் (டிவிஷன் வெல்லாத அணிகளுக்கான பிளே ஆஃப் இடம்). பிட்ச்சர்கள் மூன்று பேர் ஒன்றாகப் படுத்தால் 83. ஒகமோட்டோ ஜூனுக்குள் பழகி, சீஸ் வோக்கைக் குறைத்தால் 95-உம் நடக்கும். அக்டோபருக்குள் போய்விட்டால் காஸ்மன், சீஸ், யெசவேஜ் என்ற மூவரை ஏழு ஆட்டத் தொடரில் எதிர்கொள்ள எந்த அணிக்கும் பிடிக்காது.

கரேரோ எத்தனை ஹோம் ரன்?

34. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அக்டோபரில் என்னிடம் கொண்டு வாருங்கள்.